ஓ.எல். தவறியவருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு

கொழும்பு – புத்தளம் வீதியில் சிலாபம் தாண்டி வடக்கே போகிறவருக்கு முந்தல் பஸ் ஜன்னலில் சில நிமிடம்தான். பத்துளுஓயாப் பாலம், தென்னந்தோட்டம், இடது கைப்பக்கம் எங்கோ பளிச்சிடும் களப்பு, மதுரங்குளிச் சந்தி, பிறகு பாலாவி. அந்தச் சில நிமிடத்துக்குள் எத்தனை தொழில் அடங்கிக் கிடக்கிறது என்பது இறங்கி நடந்தால்தான் தெரியும். உடப்பிலும் ஆண்டிமுனையிலும் கரைவலை இழுப்பு. களப்போரம் இறால் பண்ணைகள். வீதிக்குக் கிழக்கே தேங்காயும் தும்பும். இவற்றைச் சுற்றிப் படகு எஞ்சின் திருத்துகிறவர், ஐஸ் ஏற்றுகிறவர், கருவாடு காயப்போடுகிறவர், பண்ணைக்குத் தண்ணீர் மோட்டர் பூட்டுகிறவர், வெல்டிங் பட்டறைக்காரர்.

இவ்வளவு தொழில் உள்ள ஊரில் பாடசாலை மட்டும் நெடுங்காலமாக ஒரே தொழிலைத்தான் கற்பித்தது: பரீட்சை எழுதுவது. அந்தத் தொழிலில் தேறியவர் மேலே போனார். தேறாதவருக்குப் பதினாறு வயதோடு பாடசாலை முடிந்தது. விதி சுருக்கமானது. ஓ.எல். என்னும் சாதாரணதரப் பரீட்சையில் ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அதில் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும், தாய்மொழி கட்டாயம். இது இல்லாதவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இல்லை. 2016ஆம் ஆண்டுப் பரீட்சையை எடுத்துக்கொண்டால், உயர்தரம் படிக்கத் தகுதி பெற்ற பாடசாலைப் பிள்ளைகள் நூற்றுக்கு எழுபது பேரளவு. மிச்சம் முப்பது பேர் என்ன ஆனார்கள் என்று எந்தப் பெறுபேற்று ஏடும் சொல்லாது. முந்தலில் கேட்டால் சொல்வார்கள். ஒருவன் சம்மாட்டியின் வள்ளத்தில், ஒருவன் இறால் பண்ணையில் இராக்காவல், ஒருவன் கொழும்பில் புடவைக் கடையில். பெண் பிள்ளை என்றால் வீட்டில், இல்லாவிட்டால் ஆடைத் தொழிற்சாலையில்.

2017இல் அந்த விதிக்கு ஒரு விலக்கு எழுதப்பட்டது. ஓ.எல். சித்தியடைந்தாலும் தவறினாலும் பிள்ளை பாடசாலையிலேயே இன்னும் இரண்டு வருடம் இருக்கலாம், தொழிற்பாடம் படிக்கலாம், வெளியே போகும்போது நாடெங்கும் செல்லுபடியாகும் தொழிற்சான்றிதழோடு போகலாம். ‘13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி’ என்பது அதற்கு அமைச்சு வைத்த பெயர். முதலில் 42 பாடசாலைகளில் தொடங்கினார்கள். நான் சொல்ல வருவது அந்த விலக்கு பிறந்த கதையை. யோசனை பழையது, மிகப் பழையது. அது ஏன் முன்னைய பிறவிகளில் எல்லாம் பிழைக்கவில்லை, இம்முறை எதனால் உயிர் தங்கியது என்பதுதான் கதை.

பாடசாலையில் தொழில் கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு சுதந்திரத்துக்கு முந்தியது. இலவசக் கல்வியின் தந்தை என்று நாம் கொண்டாடும் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா, கல்வி மந்திரியாக இருந்த 1930களிலேயே, கண்டிப் பக்கம் ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்றைக் கைதூக்கிவிட்டார். வயல், தோட்டம், கைப்பணி, ஊர்ச் சுகாதாரம் எல்லாம் பாடத்துக்குள் வந்தன. 1943இல் வெளிவந்த அவருடைய குழுவின் அறிக்கை ஆரம்பக் கல்விக்கு மேலே ஒரே விதமான பாடசாலையை விதிக்கவில்லை; பிள்ளையின் நாட்டத்துக்கேற்ப வெவ்வேறு வகைப் பாடசாலைகள் வேண்டும், அவற்றில் ஒரு வகை செய்முறைப் பாடசாலை என்றது. அறிக்கையில் மக்கள் எடுத்துக்கொண்டது இலவசத்தை. செய்முறைப் பாடசாலையை யாரும் கேட்டு ஊர்வலம் போகவில்லை. ஆங்கிலம் படித்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் நாட்டில், தன் பிள்ளைக்கு மட்டும் ‘கை வேலை’ போதும் என்று எந்தத் தகப்பன் கையொப்பம் வைப்பான்?

அடுத்த பிறவிதான் பெரியது. அதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு, காரணமும் உண்டு. 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். அந்தப் பெயரைச் சொன்னதும் தமிழ் வீடுகளில் நினைவுக்கு வருவது பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல். அந்தக் காயம் பெரிது. அதன் அடியில் அதே அமைச்சர் செய்த மற்றொரு காரியம் மறைந்துபோனது. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி. துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலானோர் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த கிராமத்து இளைஞர். அதே ஆண்டு சர்வதேச தொழில் ஸ்தாபனம் டட்லி சியர்ஸ் என்ற பொருளியலாளர் தலைமையில் அனுப்பிய குழு, இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. படிப்பு எதிர்பார்க்க வைக்கும் வேலையும், நாட்டில் உண்மையாக இருக்கும் வேலையும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது அதன் சாரம். வேலைவாய்ப்பையும் எதிர்பார்ப்பையும் பொருத்துவது என்பதே அறிக்கையின் தலைப்பு.

1972இல் பாடசாலையின் உருவமே மாறியது. ஓ.எல். எடுத்துவிடப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு முடிவில் தேசிய கல்விப் பொதுச் சான்றிதழ் என்ற புதிய பரீட்சை. முதற் பரீட்சை 1975இல் நடந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் ஒரே பாடங்கள். கொழும்பு றோயலிலும் கடற்கரைப் பள்ளிக்கூடத்திலும் அதே பட்டியல். அந்தப் பட்டியலில் ‘தொழில் முன்னிலைப் பாடம்’ கட்டாயம். எண்பதளவு தொழில்களுக்குப் பாடத்திட்டம் எழுதினார்கள் என்பது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. மீன்பிடி, மட்பாண்டம், நெசவு, மரவேலை, தேனீ வளர்ப்பு, பிரம்பு மூங்கில் வேலை என்று நீண்டது. எந்தத் தொழிலைப் படிப்பிப்பது என்பதை ஊர் சொல்லும். பாடசாலை எங்கே இருக்கிறதோ, அங்கே உள்ள தொழிலே பாடம். ஊர்க் கைவினைஞரும் பாடசாலைக்கு வந்து சொல்லிக்கொடுக்கலாம் என்பது எண்ணம்.

காகிதத்தில் இதைவிட முந்தலுக்குப் பொருத்தமான திட்டம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. கரைவலையின் மடி எத்தனை கண், கயிறு எத்தனை பாகம், நீரோட்டம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் என்பதெல்லாம் எண்கணிதம், புவியியல், பௌதிகம். உடப்பில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைச் சங்கீதப் பாடத்திலேயே சேர்த்திருக்கலாம். ஒரு கிராமத்தை முழுசாகப் பாடப்புத்தகம் ஆக்கும் துணிச்சல் அந்த ஒருமுறைதான் கல்வி அமைச்சுக்கு வந்தது.

ஆனால் அந்தத் திட்டத்தை உடப்புக் கடற்கரையில் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். மீன்பிடிக்கிறவர் மகன் பள்ளிக்குப் போவது மீன்பிடிக்கப் படிக்கவா? அதை அப்பனே இலவசமாகச் சொல்லிக்கொடுப்பானே. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தக் கேள்வி இருபது வருடம் முன்னமே ஒரு முதலமைச்சரைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தது. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழில். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். அந்தப் பெயரே அதைக் கொன்றது. 1954இல் ராஜாஜி விலகினார். காமராசர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ராஜாஜியின் திட்டம் கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் விதித்தது, 1972இன் திட்டம் கொழும்புப் பிள்ளைக்கும் சேர்த்தே விதித்தது. இந்த வேறுபாடு சிறியது அல்ல. ஆனாலும் நடைமுறையில் கொழும்புப் பிள்ளை படித்த ‘தொழில்’ வேறு, கடற்கரைப் பிள்ளை படித்த தொழில் வேறு. நகரத்துப் பாடசாலையில் அது ஒரு பாடம்; கிராமத்தில் அது ஒரு தலைவிதி. பெற்றோருக்கு அந்த வாடை உடனே பிடிபட்டுவிட்டது.

வாடையை விடப் பெரிய கோளாறு கந்தோரில் இருந்தது. எண்பது தொழிலுக்கும் ஆசிரியர் இல்லை. கருவிக்குக் காசு இல்லை. எல்லாவற்றையும் விட, அந்தப் பாடத்தில் சித்தி பெற்றவனை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று எந்த வேலை தருபவருக்கும் கட்டாயம் இல்லை. மரவேலை படித்தேன் என்று சான்றிதழ் காட்டினால் மொரட்டுவைத் தச்சுப்பட்டறை முதலாளி, அந்தக் கடதாசியை என்ன செய்வது என்று கேட்பார். 1977 ஜூலையில் ஆட்சி மாறியது, ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் ஓ.எல்., ஏ.எல். இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தது. எண்பது பாடத்திட்டமும் அலுமாரிக்குள் போயின. அதற்காக எங்கும் யாரும் அழுததாகத் தெரியவில்லை.

அதற்குப் பின் முப்பது வருடம் தொழிற்கல்வி பாடசாலைக்குள் வாழ்ந்தது, வீட்டில் மூத்தவருக்கு ஒரு மூலை ஒதுக்கியது போல. 1980களில் ‘வாழ்க்கைத் திறன்’ என்று ஒரு பாடம். 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தத்தில் அதன் பெயர் மாறியது. பிறகு இன்னொரு பெயர். ஓ.எல். தொகுதிப் பாடங்களில் மனைப் பொருளியல், விவசாயம், நிர்மாணம் என்று சில. அந்தத் தொகுதியில் ஒரு பாடத்தை மட்டும் நின்று சொல்லியாக வேண்டும்: நீருயிரின வளத் தொழில்நுட்பவியல். மீனும் இறாலும் களப்பும் கடலும் அதில் பாடம். முந்தலுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் பிள்ளையை விரட்டிக்கொண்டிருக்கும் போது மூன்றாம் தொகுதியில் கிடக்கும் பாடத்துக்கு யார் நேரம் ஒதுக்குவார்?

அதே காலத்தில் பாடசாலைக்கு வெளியே, வேலியைத் தாண்டினால் போதும், பெரிய படிப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1980களில் புத்தளம் மாவட்டக் கடலோரத்தில் இறால் வளர்ப்புக் காய்ச்சல் பிடித்தது. களப்போரக் கண்டல் காடுகள் வெட்டப்பட்டு குளங்களாயின. ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால், முந்தல் களப்பு, பண்ணை எல்லாம் ஒரே தண்ணீரைப் பங்குபோட்டன. ஒருவர் வெளியே விட்ட தண்ணீரை அடுத்தவர் உள்ளே இழுத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது வாய்க்கால் வழியே அது பண்ணை பண்ணையாக நடந்து போனது. சில நாளில் ஒரு குளத்து இறால் முழுக்கச் செத்து மிதக்கும். கடன் வாங்கிப் பண்ணை போட்டவர்கள் பலர் அதோடு முடிந்தார்கள். 1998இல் நோய் மறுபடியும் வந்தது. அதே ஆண்டு தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைக்கான சட்டமும் நிறைவேறியது. பிறகுதான் ஒழுங்கு வந்தது: இந்தப் பகுதியில் இந்த மாதம் குஞ்சு விடலாம், அந்தப் பகுதியில் அடுத்த முறை என்று பகுதிவாரியாக ஒரு நாட்காட்டி, குளத்தில் விடுவதற்கு முன் இறால் குஞ்சுக்கு நோய்ப் பரிசோதனை.

அதற்குப் பிறகு பண்ணையில் வேண்டியவன் யார் என்று நினைத்துப் பாருங்கள். உப்புத்தன்மை அளக்கத் தெரிந்தவன், தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் இரவு இரண்டு மணிக்கு மோட்டர் போட வேண்டும் என்று தெரிந்தவன், இறாலின் ஓட்டைப் பார்த்து நோயைச் சந்தேகிக்கக்கூடியவன், கணக்குப் புத்தகம் வைக்கக்கூடியவன். ஓ.எல். தவறி இராக்காவலுக்குப் போன அதே பையன் இதையெல்லாம் கண்ணால் கண்டு கற்றுக்கொண்டான். அவன் கையில் கடதாசி இல்லை என்பதால் சம்பளம் காவற்காரன் சம்பளம். 1972இல் பாடசாலை சொல்லிக்கொடுக்க நினைத்ததை 1996இன் நோய் சொல்லிக்கொடுத்தது. சான்றிதழ் தர மட்டும் யாரும் இல்லை.

சான்றிதழ் பாடசாலைக்கு வெளியே, வேறோர் அமைச்சில் தயாராகிக்கொண்டிருந்தது. 1990ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கும், நைட்டா என்று நாம் அழைக்கும் தொழில் பயிலுநர் அதிகாரசபைக்கும் வழிவகுத்தது. 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபை வந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலே 2000களின் நடுவில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்றகைமையின் ஏழு படி வந்தது. முதல் நான்கு படி தொழிலாளிக்கு, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். நாலாம் படி என்றால் மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலை செய்யக்கூடிய முழுத் தொழிலாளி. இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: எங்கும் படிக்காமல் வேலை பார்த்தே கற்றவர்கூட, தேர்வாளர் முன் செய்து காட்டினால் சான்றிதழ் பெறலாம். முந்தலில் இருபது வருடமாகப் படகு எஞ்சின் திருத்துகிறவர் விரும்பினால் என்.வி.கியூ.க்காரராகலாம். 1975இல் மொரட்டுவை முதலாளி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கடதாசிக்குப் பின்னால் ஒரு தரம் இருந்தது. மத்திய கிழக்குக்கு ஆள் எடுக்கிறவரும் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

2013இல் கல்வி அமைச்சு தன் பக்கத்திலிருந்து ஒரு காலடி எடுத்து வைத்தது. உயர்தரத்தில் கலை, வர்த்தகம், விஞ்ஞானம், கணிதம் என்ற நாலு பிரிவோடு தொழில்நுட்பவியல் பிரிவும் சேர்ந்தது: பொறியியல் தொழில்நுட்பவியல், உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல், இரண்டுக்கும் பொதுவாகத் தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம். முதல் அணி 2015இல் பரீட்சை எழுதியது. அவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப பீடங்கள் முளைத்தன. வயம்பவில், ஒலுவிலில், கிளிநொச்சி அறிவியல் நகரில். நல்ல காரியம். ஆனால் அதற்கும் ஓ.எல். வாசல்தான். மேலே இருந்த எழுபது பேரை அது இன்னொரு வழியில் பிரித்தது. கீழே நின்ற முப்பது பேரைத் தொடவில்லை. உயர்தரம் படிக்கிறவர் தொகை கூடியதே தவிர, யார் உயர்தரம் படிக்கலாம் என்ற கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்வியை 2017இல் தொட்டார்கள். அதற்கு முன் ஒரு சிறிய சட்ட மாற்றம் நடந்தது: கட்டாயப் பாடசாலை வயது 1998 முதல் 14 வரை இருந்தது, 2016இல் 16 வரை உயர்ந்தது. 16 என்றால் ஓ.எல். வரை. ஓ.எல். தவறினால் அடுத்த நாளே அரசாங்கத்துக்கு அந்தப் பிள்ளை மேல் எந்தக் கடமையும் இல்லை. அந்த இடைவெளியில்தான் ‘பதின்மூன்று வருடம்’ என்ற சொல் நுழைந்தது. அகில விராஜ் காரியவசம் கல்வி அமைச்சர். இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சிலிருந்து வந்த சுற்றறிக்கையின் நடை வறண்டிருந்தாலும் அதன் முக்கிய வரி புரட்சிகரமானது. பெறுபேறு பாராமல் சேர்க்கலாம்.

சேர்ந்தபின் நடப்பது இதுதான். பன்னிரண்டாம் வகுப்பின் முதற்பகுதியில் பொதுப்பாடங்கள்: தாய்மொழி, ஆங்கிலம், கணினி, தொழில்முயற்சி, வழிகாட்டல், குடியுரிமை போன்றவை. பரீட்சையால் அடிபட்ட பிள்ளையைத் திரும்ப நிமிர்த்துவதற்கான காலம் என்று அதைச் சொல்லலாம். அனுபவமுள்ள ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு 26 தொழிற்பாடங்களில் இருந்து தெரிவு. பட்டியலைப் படித்தால் 1972 நினைவுக்கு வரும், ஆனால் இது வேறு நாடு. சிறுவர் உளவியலும் பராமரிப்பும், விளையாட்டு, நிகழ்த்துகலை, நிகழ்ச்சி முகாமைத்துவம், உள்ளக அலங்காரம், கிரபிக் வடிவமைப்பு, வெப் வடிவமைப்பு, மென்பொருள், விருந்தோம்பல், மோட்டார் வாகனம், மின்சாரமும் இலத்திரனியலும், உலோக வேலை, அலுமினிய வேலை, புடவையும் ஆடையும், உணவு பதப்படுத்தல், கால்நடை உற்பத்தி, பெருந்தோட்ட உற்பத்தி. அந்த வரிசையில் நீர்வளக் கற்கையும் உண்டு. முந்தல் அங்கேயும் ஒரு வரியாக நிற்கிறது.

பதின்மூன்றாம் வருடத்தில் பிள்ளை பாடசாலையை விட்டு வெளியே போகிறது: தொழிற்பயிற்சி நிலையத்துக்கு, நைட்டா வழியாக வேலைத்தளத்துக்கு, தொழில்நுட்பக் கல்லூரிக்கு. கடைசியில் கையில் என்.வி.கியூ. நாலு. இங்கேதான் முந்திய பிறவிகளில் இல்லாத மூளை இருக்கிறது. 1972இல் கல்வி அமைச்சு தானே சொல்லிக்கொடுத்து, தானே பரீட்சை வைத்து, தானே சான்றிதழ் கொடுத்தது. அந்தச் சான்றிதழை யாரும் மதிக்கவில்லை. 2017இல் கல்வி அமைச்சு தன்னால் முடியாததை மற்ற அமைச்சிடம் கேட்டது. பாடசாலை பிள்ளையைப் பிடித்து வைக்கும். தொழிற்கல்வி அமைச்சு பயிற்சி தரும். ஏற்கெனவே நாட்டில் மதிப்புள்ள சான்றிதழ் கிடைக்கும். யோசனை அதே யோசனைதான். மாறியது நிர்வாகம். யார் சேர்ப்பது, யார் பயிற்சி தருவது, யாருடைய கையொப்பம் சான்றிதழில் இருக்கும் என்ற மூன்று கேள்விக்கு இம்முறை மூன்று தெளிவான பதில் எழுதப்பட்டது. அதனால்தான் 42 பாடசாலை அடுத்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கில் விரிந்தது. வகுப்பறையில் புரட்சி நடந்து இது பிறக்கவில்லை. இரண்டு கந்தோருக்கு இடையே ஒரு கடிதத்தில் பிறந்தது.

கந்தோர்களுக்கு இடையே பிறந்த பிள்ளைக்கு இரண்டு வீட்டுச் சண்டையும் சேர்ந்தே வரும். பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ். தேசியப் பாடசாலைகள் அமைச்சின் கீழ். தொழிற்பயிற்சி மத்திய அரசின் கீழ். பிள்ளையின் வரவு யார் ஏட்டில்? வேலைத்தளத்தில் விரல் நசுங்கினால் யார் பொறுப்பு? பயிற்சிக்குப் போக பஸ் காசு எந்தத் தலைப்பில்? ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றறிக்கை, ஒவ்வொரு சுற்றறிக்கைக்கும் ஒரு திருத்தம். தொடங்கி மூன்று வருடம் ஆகுமுன் 2020 மார்ச்சில் கொரோனா பாடசாலைகளை மூடியது. மற்றப் பாடங்களைத் தொலைபேசியில் நடத்தலாம்; வெல்டிங்கை எப்படி நடத்துவது? அந்த வருடத்துப் பிள்ளைகள் பலருக்கு வேலைத்தளப் பயிற்சி தள்ளித் தள்ளிப் போனது. பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இல்லை, பஸ் இல்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு மேடு. பாடசாலை தமிழில் நடக்கும். பதின்மூன்றாம் வருடப் பயிற்சி நிலையத்தில் போதனாசிரியர் தமிழில் சொல்லிக்கொடுப்பார் என்பதற்கு உறுதி இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் இது பெரிய பிரச்சினை இல்லை. வடமேல் மாகாணம் வேறு. புத்தளம் மாவட்டத்தில் தமிழும் சிங்களமும் ஒரே வீதியில் அடுத்தடுத்த கடைகளில் பேசப்படும், ஆனால் பயிற்சிப் புத்தகம் பெரும்பாலும் சிங்களத்தில். புத்தளத்துப் பையனுக்குச் சந்தைச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மின்சுற்றுச் சிங்களம் வேறு பாஷை. இதற்கு ஒரு சுற்றறிக்கையில் ஒரு வரி போதும்: மொழிவாரியாகக் குறைந்தது ஒரு வகுப்பு, மாவட்டத்துக்கு ஒன்று. அந்த வரி எழுதப்படும் வரை ‘பெறுபேறு பாராமல்’ என்ற வாக்கு தமிழ்ப் பிள்ளைக்குப் பாதி மட்டுமே பொருள் தரும்.

ஒரு நிர்வாக மாற்றம் நம்பிக்கை தருகிறது. 2024 நவம்பரில் அமைந்த அமைச்சரவையில் கல்வி, உயர்கல்வி, தொழிற்கல்வி மூன்றும் ஒரே அமைச்சாயின. பிரதமர் ஹரிணி அமரசூரிய அதன் அமைச்சர். இரண்டு கந்தோருக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த கடிதம் இனி ஒரே கட்டடத்துக்குள் மாடி ஏறினால் போதும். இசுருபாய மாடிப்படி எவ்வளவு நீளமானது என்று அங்கே அலைந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு கட்டடத்தை விட ஒரு கட்டடம் மேல்.

இதெல்லாம் முந்தலில் எப்படி ஒலிக்கிறது? பெறுபேறு வந்த மறுநாள் அதிபரின் அறை வாசலில் நிற்கும் தாய்மாரைக் கேட்டால் தெரியும். தாய் தாழ்ந்த குரலில் தொடங்குவாள்.

“சேர், மகனுக்கு மூணு பாடம் போயிட்டு. திரும்ப எழுதச் சொன்னா மாட்டேங்குறான். ஓ.எல். இல்லாட்டியும் ஏ.எல். வகுப்புல எடுக்கிறாங்களாமே, மெய்யா?”

“மெய்தான் அம்மா. தொழிற்பாடம். ஆனா எல்லாப் பாடசாலைலயும் இல்ல.”

“கிட்ட எங்க சேர் இருக்கு?”

அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். எந்தப் பாடசாலை, எந்த மொழி, என்ன பாடம், காலையில் எத்தனை மணி பஸ். இறால் பண்ணையில் இராக்காவலுக்கு ஆள் தேடுகிறவருக்கு இத்தனை கேள்வி கேட்கத் தேவையில்லை. அவர் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடுவார்.